மலேசியத் தோட்டப்புறத்தில் மின் இணைப்பே இல்லாமல் வாழ முடியுமா? அது சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

கேட்டவர் கோலாலம்பூரில் இருக்கிறார். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் அப்பா விட்டுச் சென்ற இரண்டு ஏக்கரில் சிறு வீடு கட்டி, சோலார், மழைநீர், கொஞ்சம் காய்கறி என்று இருந்துகொண்டு, ஈப்போவில் வேலை தேடிக்கொள்ளலாமா என்பது அவர் யோசனை. எனக்கு இதே ஊர்தான். டவுன் வீட்டில் டிஎன்பி (தேசிய மின் நிறுவனம்) கரண்டு, தோட்டத்துக் குடிசையில் சோலார். அதனால் இரண்டைப் பற்றியும் சொல்ல முடியும்.

வாழ முடியும். பூமிக்கு நல்லதா என்றால், அது நீங்கள் ஈப்போவுக்கு எதில் போய் வரப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சோலார் பேச்சில் கார் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள்.

ஏர்கோன் இல்லாத சிறு வீட்டுக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகும்? ஐஸ்பெட்டிக்கு ஒரு யூனிட். இரண்டு காற்றாடி பத்து மணி நேரம் ஓடினால் இன்னொரு யூனிட்டுக்குச் சற்று மேல். எல்இடி விளக்கு, இணைய ரௌட்டர், கைப்பேசி, டிவி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு யூனிட்டுக்குள். ஆக 3 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தீபகற்பத்தில் கரண்டு பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது. நம் பேராக்கிலேயே மஞ்சோங்கில் பெரிய நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் உங்கள் வீட்டுக் கரண்டால் நாளுக்கு இரண்டேகால் கிலோ.

இப்போது கார். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போக வர 60. நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் என்றால் நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஒரு நாள் வேலைக்குப் போய் வந்தாலே பத்து கிலோவை நெருங்கிவிடுகிறது. வீட்டில் நான்கு நாளுக்கு மேல் கரண்டு எரித்த கணக்கு அது! கூரை முழுக்கச் சோலார் தகடு மாட்டிவிட்டு, தினமும் தனியாகக் காரோட்டிப் போகிறவர் யாரை ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றும். ஊரிலேயே வேலை கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் கப்சாய் மோட்டார் சைக்கிள், அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே கார். மின்ரயிலும் நம் ஊரில் நிற்கிறது, வேலை நேரத்துக்கு ஒத்து வருகிறதா என்று முதலில் அட்டவணையைப் பாருங்கள்.

அப்புறம் சோலார். இந்தப் பக்கம் ஒரு நாளில் நான்கு மணி நேர முழு வெயில் கிடைக்கும் என்று கணக்குப் போடலாம். இழப்பெல்லாம் போக ஒரு கிலோவாட் தகடு 3 யூனிட் தரும். ஆனால் அக்டோபர், நவம்பரில் மத்தியானமே வானம் கறுத்துவிடும். ஆகவே ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட் வரை போடுங்கள். தகட்டு விலை முன்பைவிட நன்றாகவே இறங்கிவிட்டது. பணத்தை விழுங்குவது பேட்டரிதான். வெயிலில்லாத இரண்டு நாளைத் தாங்க 6 யூனிட் சேமிப்பு வேண்டும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே 12 யூனிட் அளவுக்கு வாங்க வேண்டிவரும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1.2 யூனிட்தான். அப்படியென்றால் பத்து பேட்டரி! நம் வெக்கையில் சில ஆண்டுகளில் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை 80 விழுக்காடு வரை இறக்கலாம், 7.5 யூனிட் போதும், ஆயுளும் அதிகம். முதலில் கை கடிக்கும், பிறகு நிம்மதி.

ஏர்கோன் வேண்டுமென்றால் இந்தக் கணக்கையே மறந்துவிடுங்கள். ஒரு குதிரைத்திறன் பழைய ரக ஏர்கோன் ஓர் இரவுக்கே 5 யூனிட் கேட்கும்.

எல்லாரும் விட்டுவிடுவது இடி. இந்தப் பக்கத்து மின்னலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகட்டுச் சட்டத்துக்கு முறையான எர்த் கம்பி, தகட்டிலிருந்து வரும் வயரிலும் இன்வெர்ட்டருக்குப் பிறகும் மின்னெழுச்சித் தடுப்பான், இவை இல்லாமல் ஒரு மழைக்காலத்தைக்கூட நம்பிக் கடக்காதீர்கள். உரிமம் பெற்ற வயர்மேனை வைத்தே செய்யுங்கள்; யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது.

காசு மிச்சமாகுமா என்றால், மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கு ஆகாது. 2025 ஜூலைக்கு முந்திய கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.8 சென். மாதம் 90 யூனிட் எரித்தவருக்கு இருபது வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. அதன் பிறகு கட்டண முறை மாறியிருந்தாலும், குறைவாக எரிப்பவருக்குச் சலுகை இருக்கிறது. இந்தப் பில்லை மிச்சப்படுத்தப் பேட்டரி வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் கதைதான். கரண்டு கம்பம் பக்கத்திலேயே இருந்தால் இணைப்பு வாங்கிக்கொண்டு, கூரைத் தகட்டை அதனுடன் இணைப்பதே என் யோசனை. பேட்டரி இல்லாமலே மிஞ்சும் கரண்டைத் திருப்பி அனுப்பும் வழி 2016 முதல் இங்கே இருக்கிறது. திட்டத்தின் பெயரும் விதியும் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும்போது விசாரித்துக்கொள்ளுங்கள். கம்பம் தூரத்தில் இருந்து, வயர் இழுக்கிற செலவு உங்கள் தலையில் விழும் என்றால் அது வேறு கதை. அங்கே பேட்டரி நியாயம். என் குடிசைக்கு அப்படித்தான் போட்டேன்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "கரண்டு வேணாம்னு சொல்றதுக்கு ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஈயச் சுரங்கங்களுக்காகப் பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930-லேயே கரண்டு எடுக்கத் தொடங்கிவிட்டது. நம் ஊரிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அதற்குப் பிறகும் பல காலம் மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு சாயங்காலம் மட்டும் ஓடும் தோட்டத்து இன்ஜின். தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தர வேண்டும் என்ற சட்டம் 1990-இல்தான் வந்தது. விடியும் முன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடி, ரப்பர் மரம் சீவி, பாலைக் காண்டாவில் (தோள் காவடியில்) தூக்கி, வீட்டுக்கு வந்து பால்மரக் கட்டை அடுப்பில் புகை குடித்தவர்களுக்கு நம் ஆசை விளங்காது. விறகடுப்பு ஆசை உங்களுக்கும் இருந்தால் விட்டுவிடுங்கள். 14 கிலோ எரிவாயு உருளை ஒரு சிறு குடும்பத்துக்கு வெகுநாள் வரும், நுரையீரலும் பிழைக்கும்.

தண்ணீரில் நமக்குக் கவலையே இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்கிற ஒரு சாயங்கால மழையில், சிந்தியது போக ஆயிரம் லிட்டராவது தொட்டிக்கு வரும். குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்ற அதுவே தாராளம். முதல் சில நிமிடத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள், கூரை அழுக்கு அதில் போய்விடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். தொட்டியின் எல்லா வாயிலும் கொசு நுழையாத வலை கட்டாயம். ஏடிஸ் புழு இருந்தால் சுகாதார அதிகாரிகள் அபராதம் போடுவார்கள், 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அபராதத்தைவிட டெங்கிதான் எனக்குப் பயம்.

குப்பைக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தைப் பாருங்கள். வெட்டிய மட்டையை வரிசைக்கு நடுவே அடுக்கி மக்க விடுகிறார்கள், எரிப்பதில்லை. மட்டையிலுள்ள பொட்டாசியம் மரத்துக்கே திரும்பப் போகிறது. உங்கள் இரண்டு ஏக்கரிலும் சமையல் கழிவையும் காய்ந்த இலையையும் மாறி மாறி அடுக்கினால் போதும். திறந்த வெளியில் கொளுத்துவது சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுப் பெரியவர் சாயங்காலம் கொளுத்தத்தான் செய்வார், அவரிடம் பொறுமையாகப் பேசுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் நில அலுவலகத்துக்குப் போய்ப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். விவசாய நிலம் என்று இருந்தால் வீடு கட்ட என்ன நிபந்தனை, நகராண்மைக் கழகத்தில் வரைபட அனுமதி வேண்டுமா, அப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா, கூடப் பிறந்தவர்களுக்குப் பங்கு உண்டா. இவை தெரியாமல் தகட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.