12-ம் 12.0-ம் ஒன்றல்ல: முக்கிய எண்ணுருக்கள் குறித்த வாசகர் கேள்விகள்

ஓர் அளவீட்டில் உண்மையில் அளந்தறிந்த இலக்கங்களையே முக்கிய எண்ணுருக்கள் என்கிறோம். அளவீடுகளை எழுதும் முறை பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

செய்முறை ஏட்டில் கம்பியின் நீளத்தை 12 செ.மீ. என்று எழுதினேன்; ஆசிரியர் 12.0 என்று திருத்தினார். இரண்டும் ஒன்றுதானே? (பதினோராம் வகுப்பு மாணவி, பாலக்கோடு)

கணிதத்தில் ஒன்றுதான், அளவீட்டில் அல்ல. மில்லிமீட்டர் கோடுகள் கொண்ட அளவுகோலில் கம்பியின் முனை 12 செ.மீ. கோட்டில் பொருந்தி நின்றதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெறும் 12 என்று எழுதினால், படிப்பவர் அதை 11.5-க்கும் 12.5-க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நீளமாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். நீங்கள் கண்டதைச் சொல்ல அந்தச் சுழியம் தேவை. அதையே மீட்டரில் 0.120 என்று எழுதினாலும் முக்கிய எண்ணுருக்கள் மூன்றுதான், ஏனெனில் முன்னால் வரும் சுழியங்கள் கணக்கில் சேர்வதில்லை. 12.00 செ.மீ. என்று எழுதும் உரிமை, 0.01 செ.மீ. மீச்சிற்றளவு கொண்ட வெர்னியர் அளவியால் அளந்தவருக்கே உண்டு.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.54 மில்லிகிராம் என்று பரிசோதனை அறிக்கை வந்துள்ளது. வரம்பு 1.5 என்கிறார்கள். தாண்டிவிட்டதா? (வாசகர், பென்னாகரம் வட்டம்)

மிகுதியான ஃபுளோரைடால் பற்களில் கறையோடு வளர்ந்த பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட ஊர்கள் நம்முடையவை என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500:2012, ஃபுளோரைடுக்கு இரண்டு வரம்புகளைத் தருகிறது: ஏற்கத்தக்க வரம்பு 1.0, வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் அனுமதிக்கப்படும் வரம்பு 1.5. ஆய்வு முடிவை வரம்போடு ஒப்பிடுமுன், வரம்பு எத்தனை இடங்களோடு குறிக்கப்பட்டிருக்கிறதோ அத்தனை இடங்களுக்கு அந்த முடிவை முழுமையாக்க (மிகுதி இலக்கங்களை நீக்கி, மிக அருகிலுள்ள எண்ணாகச் சுருக்க) வேண்டும் என்பதும், அதற்கு ஐ.எஸ். 2 என்ற தர விதியைப் பின்பற்ற வேண்டும் என்பதும் அந்த ஆவணம் கூறும் நெறி. அதன்படி 1.54 என்பது 1.5 ஆகிறது, வரம்பைத் தாண்டவில்லை. 1.56 என்று வந்திருந்தால் 1.6 ஆகித் தாண்டியிருக்கும்.

ஏற்கத்தக்க வரம்பு 1 என்று எழுதப்படாமல் 1.0 என்று எழுதப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். 1 என்று இருந்திருந்தால், 1.4 மில்லிகிராம் உள்ள நீரும் 1 என்று முழுமையாக்கப்பட்டுத் தேறிவிடும். அந்த ஒற்றைச் சுழியம்தான் அதைத் தடுக்கிறது. மாணவர்கள் அலட்சியமாக விட்டுவிடும் சுழியத்தின் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் விதிப்படி தாண்டவில்லை என்பதைக் குடிக்க உகந்தது என்று தயவுசெய்து பொருள்கொள்ளாதீர்கள். உங்கள் நீர் 1.0-ஐ வெகுவாகக் கடந்துவிட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால், குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு 16,000 கன அடி என்கிறது செய்தி. இதில் முக்கிய எண்ணுருக்கள் எத்தனை? (ஆசிரியை, தருமபுரி)

எழுதியிருக்கும் விதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது. தசமப் புள்ளி இல்லாத எண்ணின் இறுதிச் சுழியங்கள் அளந்தவையாகவும் இருக்கலாம், இடத்தை நிரப்ப வந்தவையாகவும் இருக்கலாம். 1.6 × 10⁴ என்றால் இரண்டு, 1.60 × 10⁴ என்றால் மூன்று என்று ஐயமின்றித் தெரியும். ஆற்றின் நீரோட்டம் நீர்மட்டம், குறுக்குப் பரப்பு, வேகம் ஆகியவற்றிலிருந்து கணித்துப் பெறப்படுவதால், இரண்டு என்று கொள்வதே முறை என்பது என் கருத்து. இதே வரத்து ஒரு நாள் முழுதும் நீடித்தால் 86,400 வினாடிகளால் பெருக்கி 1.3824 டி.எம்.சி. என்று கணக்கு வரும்; அதை 1.4 டி.எம்.சி. என்று எழுதுங்கள். 86,400 என்பது அளந்த எண் அல்ல, வரையறுத்த எண். ஆகவே அது விடையின் எண்ணுருக்களைக் குறைப்பதில்லை.

தரம்பார்த்தலில் 20.0 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 0.100 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 19.6 மி.லி. ஆனது. கால்குலேட்டர் 0.098 என்று காட்டுகிறது. அப்படியே எழுதலாமா? (வேதியியல் மாணவர், கிருஷ்ணகிரி)

0.0980 மோலார் என்று எழுதுங்கள். பெருக்கலிலும் வகுத்தலிலும் மிகக் குறைந்த முக்கிய எண்ணுருக்களைக் கொண்ட அளவே விடையைத் தீர்மானிக்கிறது. இங்கே மூன்று அளவுகளுக்கும் மூன்று. கால்குலேட்டருக்கு, அமிலத்தை அளந்த கண்ணாடிக் குழாயான உங்கள் பியூரெட்டைத் தெரியாது. தேவையான சுழியத்தை விட்டுவிடும், தேவையற்ற எட்டு இலக்கங்களைக் கொட்டவும் செய்யும். முழுமையாக்குவதை இறுதியில் ஒரே முறை செய்யுங்கள். 1.3498-ஐப் படிப்படியாகச் சுருக்கினால் 1.350, 1.35, பிறகு 1.4 என்று போய்விடும். நேராகச் சுருக்கினால் சரியான விடையான 1.3 கிடைக்கும்.

எடை மேடையில் மாங்காய் வண்டியை நிறுத்தி, ஒரு கிரேட்டை இறக்கிவிட்டு மீண்டும் எடை பார்த்தேன்: 9,860 கிலோ, பிறகு 9,820. ஒரு கிரேட் 40 கிலோ. வீட்டு எலக்ட்ரானிக் தராசில் அதே கிரேட் 43.6 காட்டுகிறது. எது பொய்? (விவசாயி, காவேரிப்பட்டணம்)

இரண்டுமே பொய்யில்லை, ஐயா. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டுகிறது என்பது நீங்கள் தந்த எண்களிலிருந்து தெரிகிறது. ஒவ்வொரு எடையிலும் 5 கிலோ வரை ஐயம் இருப்பதால், கழித்துப் பெற்ற 40-இல் 10 கிலோ வரை ஐயம் சேர்ந்துவிடுகிறது. 9,860 என்ற எண்ணில் மூன்று முக்கிய எண்ணுருக்கள் இருந்தும், ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்தபின் எஞ்சுவது ஒன்றே. கூட்டல் கழித்தலில் எண்ணுருக்களின் எண்ணிக்கையை அல்ல, அவை எந்த இடம்வரை நம்பத்தக்கவை என்பதையே பார்க்க வேண்டும். மேடையில்தான் எடை பார்க்க வேண்டுமென்றால், ஒரே அளவாக நிரப்பிய பத்துக் கிரேட்டுகளைச் சேர்த்து இறக்கி, வரும் வித்தியாசத்தைப் பத்தால் வகுத்துப் பாருங்கள். அப்போது கிரேட் ஒன்றுக்கு ஐயம் 1 கிலோவாகக் குறையும்.