பல் வலிய ஊருக்குப் போற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க தம்பி

தம்பி, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். வெளிநாடு வந்து எட்டு மாசம் ஆச்சு, வலது பக்கம் கீழ் கடவாய்ப் பல்லு மூணு வாரமா வலிக்குது, ராத்திரி மாத்திரை போட்டாத்தான் தூக்கம், ஒரு கிளினிக்ல காட்டினதுக்கு ரூட் கெனால் பண்ணி கேப் போடணும்னு சொல்லிட்டாங்க, அவங்க பேசின வேகத்துல பாதி புரியல, சின்ன வயசுல பல்லு பிடுங்கினப்ப பட்ட பயம் இன்னும் போகல, அதனால அடுத்த வருஷம் ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம் தம்பி. நான் வந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு, இதே தப்ப நான் பண்ணி ஒரு பல்ல இழந்திருக்கேன், அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

வந்த மூணாவது வருஷம் எனக்கும் கீழ் கடவாய்ப் பல்லுதான், இடது பக்கம். சூடா எது பட்டாலும் வலி ஆரம்பிச்சு அரை மணி நேரம் நிக்காது. வேலை புதுசு, லீவு கேக்க பயம், பாஷை பயம், செலவு என்னாகுமோன்னு பயம், அப்படியே தள்ளிப் போட்டேன். ஒரு நாள் வலி தானா நின்னுச்சு, அப்பாடா சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். சரியாகல, உள்ள இருந்த நரம்பு செத்துப் போயிருந்துச்சு. செத்த நரம்பு வலிக்காது, ஆனா கிருமி வேர் வழியா கீழ இறங்கி எலும்ப அரிச்சுக்கிட்டே இருக்கும். நாலு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கன்னம் வீங்கி, வாய் ரெண்டு விரல் போற அளவுக்குக்கூட திறக்கல. அவசரத்துக்குப் போன எடத்துல ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க, மறுபடி வீங்கினப்ப மறுபடி அதே மாத்திரை. அது வீக்கத்த அடக்கும், ஆனா செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே இல்லையே, மருந்து எப்படி அங்க போய்ச் சேரும்? உள்ள திறந்து சுத்தம் பண்ணணும், இல்ல பல்ல எடுக்கணும். இத எனக்கு அன்னிக்கு ஒருத்தரும் புரியிற மாதிரி சொல்லல. கடைசில பல்ல எடுக்க வேண்டியதாப் போச்சு.

அதுக்கப்புறம் கூட வேலை பாத்த அக்கா ஒருத்தங்க சொல்லி வேற கிளினிக்குக்குப் போனேன், இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்ல எல்லாரும் அங்கதான் போறோம். முதல்ல போன் பண்ணினப்ப ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு பேரு, பிறந்த தேதி எல்லாம் கேட்டுட்டு, பல் டாக்டர்கிட்ட வர்றதுல உங்களுக்கு ஏதாவது பயம் இருக்கான்னு கேட்டா. அதுக்கு முன்னாடி யாரும் என்ன அப்படிக் கேட்டதில்ல, எனக்குத் தொண்டை அடச்சுக்கிச்சு. இருக்குன்னு சொன்னேன். அத ஃபைல்ல எழுதி வச்சிருக்காங்க, போன உடனே நர்ஸ் அதப் பாத்துட்டுத்தான் பேச ஆரம்பிச்சாங்க. முதல் நாள் சேர சாய்க்கவே இல்ல. டாக்டர் மாஸ்க்க இறக்கிட்டு, ஸ்டூல என் கண்ணு மட்டத்துக்கு இறக்கி உக்காந்து, என்ன நடந்துச்சுன்னு முழுசாக் கேட்டாங்க. அப்புறம் பேனா மாதிரி ஒரு சின்ன கேமராவ வாய்க்குள்ள விட்டு ஒவ்வொரு பல்லா எதிர்ல இருந்த ஸ்கிரீன்ல பெருசாக் காட்டினாங்க, மேல் பல்லு ஒண்ணுல தலைமுடி விழுந்த மாதிரி கறுப்பா ஒரு கோடு, அதுதான் விரிசல்னு விரல் வச்சுக் காட்டினாங்க. பாஷையே தேவைப்படல.

அடுத்த தடவ வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நர்ஸ் என் இடது கையத் தொட்டு, இத நீங்க தூக்கினா அந்த நொடியே நிறுத்திடுவோம், ஏன்னு கேக்க மாட்டோம்னு சொன்னாங்க, சொன்னதோட விடாம இப்ப ஒரு தடவ தூக்கிப் பாருங்கன்னாங்க. தூக்கினேன். வாய்க்குள்ள சும்மா கண்ணாடி வச்சுப் பாத்துக்கிட்டிருந்த டாக்டர் உடனே கைய எடுத்துட்டு பின்னாடி சாஞ்சாங்க. என் பயத்துல பாதி அங்கயே போயிடுச்சு தம்பி. நம்ம பயமே வலியப் பத்தி இல்ல, நிறுத்தச் சொன்னா நிறுத்துவாங்களாங்கிறதுதான். அதனால கிளினிக் தேடும்போது கட்டடம், மெஷின் எல்லாம் அப்புறம் பாருங்க, நீங்க பயமா இருக்குன்னு சொன்னதும் அவங்க என்ன பண்றாங்கன்னு மொதல்ல பாருங்க.

ஊசிக்கு முன்னாடி ஈறு மேல மரத்துப் போற ஜெல் தடவச் சொல்லிக் கேளுங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷம் விட்டுட்டு ஊசிய மெதுவா, ரொம்ப மெதுவாப் போட்டா வலி ரொம்பக் கம்மி. பெரும்பாலும் போடுறது லிடோகெயின், 1943ல ஸ்வீடன்ல நீல்ஸ் லோஃப்கிரென்னு ஒருத்தர் உருவாக்கினது, அவ்வளவு வருஷமாப் பழகின மருந்து. அதோட கொஞ்சம் அட்ரினலின் சேர்த்திருப்பாங்க, ஊசி போட்ட உடனே நெஞ்சு படபடன்னு அடிச்சா அதனாலதான், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். கீழ் கடவாய்ப் பல்லுக்கு தாடையோட பின்பக்கம் போட்டு பாதி உதடு, பாதி நாக்கு வரைக்கும் மரத்துப் போக வைப்பாங்க, ரெண்டு மூணு மணி நேரம் இருக்கும், அதுவரைக்கும் எதையும் மெல்லாதீங்க, உதட்டக் கடிச்சுப்பீங்க. இன்னொரு முக்கியமான விஷயம், வீக்கமும் சீழும் முத்திப் போன எடத்துல ஊசி சரியாப் பிடிக்காது. நிறைய பேரு எனக்கு ஊசியே வேலை செய்யாதுன்னு சொல்றது இதனாலதான், லேட்டாப் போயிருப்பாங்க. பல்ல ஐஸ் மாதிரி ஒரு ஸ்பிரேவால தொட்டு மரத்துடுச்சான்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும், வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, பல்லக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்காதீங்க.

அப்பவும் பயம் தாங்கலன்னா சிரிப்பு வாயு இருக்கு. 1844ல ஹொரேஸ் வெல்ஸ்னு ஒரு அமெரிக்க பல் டாக்டர் தன் பல்லப் பிடுங்கவே அதப் பயன்படுத்திப் பாத்தாரு. இப்ப மூக்குல சின்ன மாஸ்க் வச்சு ஆக்சிஜனோட கலந்து குடுக்கிறாங்க, முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க, மனசு லேசாயிடும், நிறுத்தின கொஞ்ச நிமிஷத்துல தெளிஞ்சிடும். கைல ரத்தக் குழாய் வழியா மருந்து ஏத்தி அரைத் தூக்கத்துல வைக்கிறதும் உண்டு, ஆனா அப்ப உங்களக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வரணும், அன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது. எல்லா கிளினிக்லயும் ரெண்டும் இருக்காது, போன்லயே கேட்டுடுங்க.

இப்ப உங்க முக்கியமான கேள்வி, அவங்க தேவையில்லாம ரூட் கெனாலத் தலைல கட்டுறாங்களான்னு. ஜில்லுன்னு ஏதாவது பட்டதும் சுருக்குன்னு வலிச்சு உடனே போயிட்டா நரம்பு இன்னும் பிழைக்கும், சொத்தைய எடுத்து அடைச்சாலே போதும்னு பல தடவ முடிஞ்சிடும். ஆனா ராத்திரி தூக்கத்துலருந்து எழுப்புற வலி, சூடு பட்டு ரொம்ப நேரம் நிக்காத வலி, இதெல்லாம் நரம்பு இனி தேறாதுங்கிறதுக்கு அடையாளம். நீங்க எழுதினது ரெண்டாவது மாதிரி இருக்கு, அதனால அவங்க சொன்னதுல எனக்குச் சந்தேகம் வரல. இருந்தாலும் எக்ஸ்ரேவ ஸ்கிரீன்ல காட்டி, எங்க சொத்தை, நரம்புக்கு எவ்வளவு பக்கம், வேர் நுனில நிழல், அதாவது கிருமி எலும்ப அரிச்ச அடையாளம், இருக்கான்னு சொல்லச் சொல்லுங்க. எக்ஸ்ரேன்னதும் பயப்படாதீங்க, ஒரு சின்ன பல் எக்ஸ்ரேல படுற கதிர்வீச்சு நாம சும்மா இருந்தாலே ஒரு நாள்ல சுத்துப்புறத்துலருந்து வாங்குறதவிடக் கம்மி. சில எடத்துல கதிர்வீச்சத் தடுக்க மேல போர்த்துற ஈய ஏப்ரன் போட மாட்டாங்க, அது அலட்சியம் இல்ல, அமெரிக்கன் டென்டல் அசோசியேஷனே 2024ல இனி அது வழக்கமா வேண்டாம்னு சொல்லிடுச்சு.

ரூட் கெனால்னா வேற ஒண்ணும் இல்ல, மேல சின்னதா திறந்து, கெட்டுப்போன நரம்ப அரம் மாதிரி இருக்கிற மெல்லிசான கம்பியால எடுத்து, மருந்துத் தண்ணி விட்டுக் கழுவி, ரப்பர் மாதிரி ஒரு பொருளால அடைக்கிறது. கீழ் கடவாய்ப் பல்லுல சாதாரணமா மூணு கால்வாய் இருக்கும், சிலருக்கு நாலு, ஒண்ணத் தவற விட்டா திரும்ப வலி வரும், அதனால பெரிய லென்ஸோ மைக்ரோஸ்கோப்போ வச்சுப் பாக்கிறவங்க கிடைச்சா நல்லது. பல்லச் சுத்தி ஒரு ரப்பர் ஷீட் மாட்டுவாங்க, 1864லருந்தே இருக்கிற பழக்கம்தான், எச்சிலும் கிருமியும் உள்ள போகாது, கழுவுற மருந்தும் தொண்டைக்குள்ள இறங்காது. அது இல்லாம ரூட் கெனால் பண்றேன்னா நான் எழுந்து வந்துடுவேன். அப்புறம் கேப், அதாவது பல்லு மேல மாட்டுற உறை, ஏன்னா, கடவாய்ப் பல்லுல பாரம் ஜாஸ்தி, உள்ள குடைஞ்ச பல்லு சீக்கிரம் பிளந்துடும். இப்ப வாய் நிறைய பசைய வச்சு அச்சு எடுக்க வேண்டியதில்ல, சின்ன ஸ்கேனர உள்ள விட்டா ஸ்கிரீன்ல பல்லு முப்பரிமாணத்துல வந்துடும், சில எடத்துல அன்னிக்கே மெஷின்ல கடைஞ்சு ஒட்டியும் விட்டுடுறாங்க. அந்த முறை 1985லயே சூரிச் யூனிவர்சிட்டில தொடங்கினது.

பல்ல எடுத்துடலாமேன்னு தோணும், எடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும்தான். ஆனா அந்த எடம் காலியானா பக்கத்துப் பல்லு சாயும், மேல் பல்லு கீழ இறங்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, அப்புறம் இம்ப்ளான்ட் வச்சேன், தாடை எலும்புல டைட்டானியம் ஸ்க்ரூ பதிச்சு அது மேல மாட்டுற செயற்கைப் பல்லு. டைட்டானியம் எலும்போட ஒட்டிக்கும்னு ஸ்வீடன்ல பிரோனெமார்க் கண்டுபிடிச்சு 1965ல முதல் ஆளுக்கு வச்சாரு. நல்ல முறைதான், ஆனா எலும்புல பிடிக்க மூணுலருந்து ஆறு மாசம் காத்திருக்கணும், செலவும் அலைச்சலும் தனி. பிரிட்ஜ்னா பக்கத்துப் பல்லுங்கள்ல மாட்டி நிக்க வைக்கிற பல்லு, அதுக்கு ரெண்டு பக்கமும் நல்லா இருக்கிற பல்ல செதுக்கணும். காப்பாத்த முடியிற பல்ல காப்பாத்துறதுதான் எல்லாத்தையும்விட மேல், இது என் அனுபவத்துல நான் உறுதியா நம்புறது.

பாஷைக்கு ஒரு வழி சொல்றேன். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாங்களான்னு போன்ல கேளுங்க, சில எடத்துல போன் வழியா ஏற்பாடு பண்ணுவாங்க. இல்லன்னா மெதுவாப் பேசச் சொல்லுங்க, படம் வரைஞ்சு காட்டச் சொல்லுங்க, அதுக்கு முகம் சுளிக்கிற எடம் உங்களுக்கு வேண்டாம். சிகிச்சைத் திட்டத்தையும் எஸ்டிமேட்டையும் எழுத்துல வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிங்க, புரியாம கையெழுத்து போடாதீங்க. அதுல பல்லு நம்பர் இருக்கும், வலது கீழ் முதல் கடவாய்ப் பல்லுன்னா உலகத்துல பெரும்பாலான எடத்துல 46, அமெரிக்க முறைல 30. உங்களுக்கு வலிக்கிற பல்லுதானான்னு சரி பாத்துக்குங்க. சந்தேகம் இருந்தா எக்ஸ்ரே காப்பி வாங்கி இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

அதுவரைக்கும் வலி மாத்திரைய அட்டைல போட்டிருக்கிற அளவுக்கு மேல போடாதீங்க, மாத்திரைய ஈறுல வச்சு அழுத்தாதீங்க, ஆஸ்பிரின் சதையவே பொசுக்கிடும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை, சர்க்கரை, எது இருந்தாலும் டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லிடுங்க. ஊருக்கு ஃபிளைட்ல போறப்ப பாத்துக்கலாம்னு இருக்கீங்களே, காத்தழுத்தம் மாறும்போது இந்த மாதிரி பல்லு சில சமயம் நடுவானத்துல உயிரெடுத்துடும்.

வீக்கம் கண்ணுப் பக்கமோ கழுத்துப் பக்கமோ பரவினா, காய்ச்சல் வந்தா, விழுங்க முடியலன்னா, மூச்சு விட சிரமமா இருந்தா, வாய் திறக்கலன்னா அப்பாயின்ட்மென்டுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி.

நாளைக்குக் காலைல போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்குங்க: மூணு வாரமா வலி, ராத்திரி எழுப்புது, வலது பக்கம் கீழ, எனக்கு பல் டாக்டர்னா பயம், மெதுவாப் பேசுங்க. அந்த ஊர் பாஷைல எழுதி அப்படியே வாசிச்சிடுங்க, போதும். எந்த நேரத்துக்கு வரச் சொன்னாங்கன்னு எனக்கும் ஒரு வரி எழுதுங்க தம்பி.