மாறுகண் ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாளில் சரியாகும்? வீட்டில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி: குடியாத்தம் பக்கம் இருக்கிறோம். 6 வயது மகளுக்குக் கண் மூக்குப் பக்கமாகத் திரும்புகிறது. பவர் கண்ணாடி போட்டும் மிச்சம் இருப்பதால் வேலூரில் ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். 24 வயது தம்பிக்குக் காதுப் பக்கமாகத் திரும்பும் மாறுகண். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. அவனுக்கும் செய்யலாம் என்கிறார்கள். எப்போது பள்ளிக்கும் வேலைக்கும் போகலாம்?

பதில்: மகள் ஒரு வாரத்தில் பள்ளிக்குப் போகலாம், தம்பி இரண்டு வாரத்தில் வேலைக்குப் போகலாம். சிவப்பு முழுதாகப் போக 6 முதல் 8 வாரம் ஆகும். கண் நேரானதா என்ற முடிவை மட்டும் 6 வாரத்துக்கு முன்னால் எடுக்காதீர்கள். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு "ஆபரேஷன் கெட்டுப்போச்சு" என்று குடும்பமே உடைந்துபோவதும், பத்தாம் நாள் "நேராகிவிட்டது" என்று பவர் கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிடுவதும்தான் அதிகம் நடக்கும் இரண்டு தவறுகள்.

என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் கவனிப்பின் காரணம் புரியும். கண்ணை வெளியே எடுப்பதில்லை, கண்ணுக்குள்ளும் போவதில்லை. வெண்விழியின் மேல்தோலைச் சிறிது திறந்து, கண்ணை அசைக்கும் தசையைப் பிரித்து, சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைப்பார்கள். இல்லையென்றால் தசையைக் கொஞ்சம் குறுக்கித் தைப்பார்கள். உள்பக்கத் தசைகளைப் பின்தள்ளும்போது அரை மில்லிமீட்டர் கூடினால் குறைந்தால்கூட கண்ணின் கோணம் சுமார் 5 பிரிசம் டயாப்டர் (மாறுகண் கோணத்தை அளக்கும் அலகு) மாறும். தசை பிடித்திருந்த இடத்துக்குப் பின்னால் வெண்விழிச் சுவரின் கனம் 0.3 மி.மீ. அளவுதான். தையல் தானாகக் கரையும் நூல். அது மூன்று வாரத்தில் பாதி வலுவை இழந்து, 8 முதல் 10 வாரத்தில் முழுதும் கரைகிறது. அதற்குள் தசை புது இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, நான்கு வாரம் பந்து, கபடி, குதியாட்டம் கூடாது என்பதெல்லாம் இதனால்தான்.

முதல் நாள். குழந்தைகளுக்கு முழு மயக்கத்தில் செய்வார்கள். கண் தசையை இழுக்கும் ஆபரேஷனில் வாந்தி மற்றவற்றைவிட அதிகம். அதற்கு ஊசி போட்டிருந்தாலும் அன்று மாலைவரை ஒன்றிரண்டு முறை வரலாம். முதலில் வாய் நனைய தண்ணீர், தங்கினால் கஞ்சித் தண்ணீர், பிறகு இட்லி. பசிக்கிறது என்று அழுதாலும் உடனே வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். அன்றே பஸ்ஸில் குடியாத்தம் திரும்புவதைவிட வேலூரிலேயே ஓர் இரவு தங்குவது நல்லது. மறுநாள் காலையில் எப்படியும் கண்ணைப் பார்க்க வரச்சொல்வார்கள். ரூம் எடுக்கும்போது எந்த ஆஸ்பத்திரி என்று பார்த்து எடுங்கள். சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை ஆரணி ரோட்டில் இருக்கிறது. மெயின் ஆஸ்பத்திரி இருக்கும் ஐடா ஸ்கடர் ரோட்டில் ரூம் போட்டுவிட்டு, மயக்கம் தெளியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலையில் அலையும் வீட்டார் நிறையப் பேர்.

அன்று இரவு கண்ணீர் ரோஸ் நிறத்தில் வரும், தலையணையில் கறை படும். அது இரத்தப்போக்கு இல்லை, கண்ணீரோடு கலந்த சில துளி இரத்தம். காலையில் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்துத் திறக்காதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, இமைமேல் அரை நிமிடம் வைத்து ஊறவிட்டு, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு முறைக்குத்தான். புடவைத் தலைப்பு, கைக்குட்டை வேண்டாம்.

வலி இரண்டு மூன்று நாள், அதுவும் கண்ணை ஓரத்துக்குத் திருப்பும்போதுதான் அதிகம். பாராசிட்டமால் போதும். குழந்தைக்கு ஒரு வேளை அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. 18 கிலோ பிள்ளை என்றால் ஏறக்குறைய 250 மி.கி., 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 4 முறைக்கு மேல் கூடாது. சிரப் பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மி.கி. என்றும் இருக்கும், 250 மி.கி. என்றும் இருக்கும். முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லி. லேபிளைப் பார்க்காமல் "ஒரு மூடி" என்று ஊற்றினால் ஒன்று வலி குறையாது, இல்லையென்றால் மருந்து இரட்டிப்பாகும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

சொட்டு மருந்து பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் உங்கள் கையில் இருக்கும் சிகிச்சை இதுதான். பொதுவாக ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்த சொட்டு, நாளைக்கு 4 முறையில் தொடங்கி 3, 4 வாரத்தில் குறைத்துக்கொண்டே வருவார்கள். உங்களுக்கு எழுதிக்கொடுத்த அட்டவணை வேறாக இருந்தால் அதுவே சரி. கலங்கலான சொட்டு என்றால் நன்றாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் தங்கிவிடும். சோப்புப் போட்டுக் கைகழுவி, கீழ் இமையை மெல்ல இறக்கி, அந்தப் பையில் ஒரு துளி. இரண்டாவது துளி கன்னத்தில்தான் வழியும். பாட்டில் நுனி இமையைத் தொடக் கூடாது. விட்டபின் மூக்கோரத்தை ஒரு நிமிடம் மெல்ல அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்காது. இரண்டு சொட்டு இருந்தால் நடுவில் 5 நிமிட இடைவெளி, களிம்பு எப்போதும் கடைசியில்.

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதால் சண்டை போடாதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, மூடிய கண்ணின் மூக்கோரக் குழியில் ஒரு துளி விட்டு, "இப்போ கண் சிமிட்டு கண்ணு" என்று சொன்னால் மருந்து தானாக உள்ளே போய்விடும். இமையைப் பிடித்துப் பிதுக்கித் திறப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். சிவப்பு போகவில்லையே என்று, சொன்ன தேதிக்குப் பிறகும் அதே பாட்டிலை மெடிக்கலில் வாங்கித் தொடராதீர்கள். ஸ்டீராய்டு நீண்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். அது வலிக்காது, சிவக்காது, வெளியே தெரியவே தெரியாது.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், பன்னீர், தேன் எதுவும் வேண்டாம். ஆயா அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் திறந்த காயத்தில் கிருமி இருக்கும் எதை விட்டாலும் ஆபத்துதான். கண் மையும் ஒரு மாதத்துக்குக் கூடாது. பத்தியம் தேவையில்லை. கத்தரிக்காய் தின்றால் சீழ் பிடிக்கும் என்று இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் விளையும் ஊரிலேயே பயப்படுவார்கள். கத்தரிக்காய்க்கும் தையலுக்கும் சம்பந்தமில்லை. முட்டை, மீன், பருப்பு, கீரை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள்.

குளியல்: கழுத்துக்குக் கீழே மறுநாளே. தலைக்கு ஒரு வாரம் கழித்து, சலூனில் படுப்பதுபோல் தலையைப் பின்னால் சாய்த்து, முகத்தில் தண்ணீர் வழியாமல். எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போடுவதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் பிள்ளை இரண்டு கையாலும் கசக்காமல் இருக்காது. கிணறு, குளம், நீச்சல் நான்கு வாரம் கிடையாது.

பரீட்சை முடிந்து மே மாதத்தில் செய்வது இங்கே வழக்கம். கத்திரி வெயில் புண்ணைக் கெடுக்காது, ஆனால் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரியும், கை தானாகக் கண்ணுக்குப் போகும். நெற்றியில் ஒரு மெல்லிய பருத்தித் துணிப் பட்டை கட்டிவிடுங்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அந்த நாட்களில் வந்தால், அந்த ஆண்டு பிள்ளையைக் கூட்டத்துக்குள் தூக்கிப்போகாதீர்கள். தூசியும் குங்குமமும் இடித்துத் தள்ளும் முழங்கைகளும் புதுத் தையலுக்கு ஆகாது. டிவி, செல்போன் பார்ப்பதால் தையல் பிரியாது. கண் களைத்தால் நிறுத்தினால் போதும், இருட்டறை தேவையில்லை.

இப்போது கண்ணாடி. உங்கள் மகளுக்குக் கண்ணாடி போட்டபிறகும் மிச்சமிருந்த கோணத்துக்கு மட்டும்தான் ஆபரேஷன். கண்ணாடி சரிசெய்த பங்கை இனியும் கண்ணாடிதான் சரிசெய்ய வேண்டும். பிளஸ் பவர் கண்ணாடியைக் கழற்றினால், தெளிவாகப் பார்க்கக் கண் உள்ளே முயற்சி எடுக்கும், அந்த முயற்சியோடு கண்மணியும் மூக்குப் பக்கம் போகும். அதனால் மறுநாளிலிருந்தே, விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும். தூசிக்கு வாங்கிய கறுப்புக் கண்ணாடி இதற்கு மாற்று ஆகாது. ஒரு கண்ணில் பார்வை மந்தமாக இருந்து நல்ல கண்ணுக்கு பேட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால், அதை எப்போது மறுபடி தொடங்குவது என்று முதல் வாரப் பரிசோதனையிலேயே கேளுங்கள். ஆபரேஷன் கண்ணை நேராக்கும், மந்தமான பார்வையைக் கூட்டாது. பேட்ச் நின்றுபோனால் பார்வை குறைவதோடு, அந்தக் கண் மெல்ல மறுபடி திரும்பவும் வாய்ப்பு அதிகம்.

தம்பிக்கு வேறு சில விஷயங்கள். வெளிப்பக்கம் திரும்பும் கண்ணை வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக உள்ளே திருப்பி வைப்பது உண்டு, ஏனென்றால் மாதங்கள் போகப் போக அது வெளியே நகரும். ஆகவே முதல் சில வாரம் கண் லேசாக உள்ளே இருப்பதும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதும் எதிர்பார்த்ததுதான். நாள்தோறும் குறைகிறதா என்று பாருங்கள். தாங்க முடியாத நேரத்தில் மட்டும் ஒரு கண்ணை மூடலாம். நாள் முழுக்க மூடிவைத்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழகாது. இரட்டைப் பார்வை இருக்கும்வரை பைக் தொடக் கூடாது. எதிரே வரும் லாரி எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரியாது. 6 வாரம் தாண்டியும் இருந்தால் பவர் கண்ணாடியில் ஒட்டும், இரண்டு உருவத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் பிரிசம் தாள் உதவும்.

பெரியவர்களுக்குச் சரிசெய்யக்கூடிய தையல் போடுவதும் உண்டு. அதில் முடிச்சை இறுக்காமல் விட்டு, அன்று மாலையோ மறுநாளோ மரத்துப்போகும் சொட்டு விட்டு, தம்பி விழித்திருக்க, தூரத்திலும் கிட்டத்திலும் பார்க்கச்சொல்லிக் கண்ணை நேராக்கிய பிறகு முடிச்சுப் போடுவார்கள். இழுக்கும் உணர்வு இருக்கும், சிலருக்குத் தலைசுற்றும். முன்பே சொல்லிவைத்தால் பயப்படமாட்டார். அவர் பவர் கண்ணாடி போடுபவர் என்றால் அந்த நேரத்தில் அது கையில் இருந்தே ஆக வேண்டும்.

ஷூ கம்பெனியில் பசை வாசமும் தோல் தூசியும் கண்ணை உறுத்தும். இரண்டு வாரம் லீவு, பிறகு இரண்டு பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியோடு போகட்டும். கனமான பெட்டி தூக்குவதை நான்கு வாரம் தவிர்க்கட்டும்.

உடனே கிளம்பி வர வேண்டிய அடையாளங்கள்: குறைந்துவந்த வலி மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடுவது, இமை வீங்கி மூடிக்கொள்வது, மஞ்சளோ பச்சையோ சீழ், காய்ச்சல், பார்வை மங்குவது. இவை கிருமித் தொற்றாக இருக்கலாம், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கண் திடீரென ஒரு பக்கம் முழுதாகப் போய், எதிர்ப்பக்கம் திரும்பவே மறுத்தால் தசை தையலிலிருந்து நழுவியிருக்கலாம். அதை எவ்வளவு சீக்கிரம் பிடித்துத் தைக்கிறார்களோ அவ்வளவு நல்லது. வாரங்கள் கழித்துத் தையல் போட்ட இடத்தில் சிறு சிவப்புக் கட்டியோ நீர்க்கொப்புளமோ வந்தால் அவசரமில்லை, அடுத்த முறை காட்டினால் போதும்.

பரிசோதனைக்கு வழக்கமாக மறுநாள், ஒரு வாரம், 6 வாரம், 3 மாதம் என்று வரச்சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் கண்ணாடியை எடுத்துப்போங்கள், அது இல்லாமல் அளக்கும் கோணத்தால் பயனில்லை. தசை நகர்ந்ததால் பவர் சிறிது மாறலாம், புதுக் கண்ணாடி எழுதுவது மூன்றாம் மாதம்தான். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிற்காலத்தில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். அது முதல் ஆபரேஷன் தோற்றதாக அர்த்தமில்லை. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே, எந்தக் கண், எந்தத் தசை, எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் நகர்த்தினார்கள் என்ற ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்கி, லேமினேட் செய்யாமல் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, செல்போனிலும் ஒரு படம் பிடித்து வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் பார்த்தாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.