பனி உள்ளகங்கள்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

(பனி உள்ளகம்: பழங்காலத் தட்பவெப்பத்தை அறியப் பனிப்பாளத்தைத் துளைத்து எடுக்கும் நீண்ட பனித்தண்டு.)

சென்ற பனியுக இடைக்காலத்தில் (இரு பனியுகங்களுக்கு நடுவிலான வெப்பக் காலம்) கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகிவிட்டதா? (செம்பூர்)

இல்லை. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் பெய்த பனி, வடமேற்கு கிரீன்லாந்தில் நீம் (NEEM) என்ற இடத்தில் ஆய்வுக்காகப் போட்ட துளையின் அடியில் இன்றும் இருக்கிறது.

பனிப்பாளத்தின் அன்றைய உயரத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? (மாட்டுங்கா)

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், உயரத்தில் மூடிக்கொண்ட பனியில் அடைபடும் காற்றும் குறைவாகவே இருக்கும். அந்தக் காற்றை அளந்து உயரத்தைக் கணிக்கிறார்கள். உருகி மீண்டும் உறைந்த அடுக்குகளில் இக்கணக்கு பொய்க்கும்.

"அன்று 8 டிகிரி சூடு கூடியும் கிரீன்லாந்து தாங்கியது, இன்று 1 டிகிரிக்கு ஏன் இந்தக் கூச்சல்?" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரியா? (டோம்பிவிலி)

அதை முன்னனுப்பும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். 8 டிகிரி என்பது வடமேற்கு கிரீன்லாந்தில் நீம் என்ற ஒரே ஓர் இடத்தின் கணக்கு. அதன் பிழைவரம்பே 4 டிகிரி. உலகச் சராசரியோ தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1 டிகிரிதான் கூடியிருந்தது. ஓர் உள்ளகம் ஓர் இடத்தின் சாட்சி என்று எத்தனை முறை எழுதுவது? "தாங்கியது" என்ற சொல்லும் தவறு: 2013இல் வெளியான ஆய்வின்படி அங்கே பனியின் தடிமன் சுமார் 400 மீட்டர் குறைந்தது (இதற்கும் 250 மீட்டர் பிழைவரம்பு உண்டு). கடல்மட்டம் இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் உயர்ந்திருந்த அக்காலத்தில், கிரீன்லாந்தின் பங்கு 2 மீட்டர் அளவுதான் என்று அந்த ஆய்வு கணித்தது. அப்படியானால் மீதியில் பெரும்பகுதி அண்டார்க்டிகாவிலிருந்து வந்திருக்க வேண்டும். கடலோரத்தில் வாழும் நமக்கு இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது? மேலும், அன்று வடகோளத்தின் கோடை வெயிலைக் கூட்டியது பூமியின் சுற்றுப்பாதை மாற்றம். காற்றில் கார்பன் டை ஆக்சைடு அப்போது பத்து லட்சத்துக்கு 280 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

பனிக்கும் அதன் குமிழிக் காற்றுக்கும் ஒரே வயதுதானே? (சயான்)

இல்லை. 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில்தான் குமிழி மூடிக்கொள்கிறது; அதுவரை மேலேயுள்ள காற்று பனியின் இடுக்குகளில் வந்து போகும். ஆகவே காற்று எப்போதும் பனியைவிட இளையது.

மிகப் பழைய உள்ளகம் எது? (தாராவி)

எந்தத் துருவம் என்று குறிப்பிட வேண்டாமா? அண்டார்க்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் எடுத்த உள்ளகம் தொடர்ச்சியாக 8 லட்சம் ஆண்டுகளுக்குச் செல்கிறது. அங்கேயே மற்றொரு துளை 12 லட்சத்தைத் தொட்டுள்ளது. கிரீன்லாந்தில் சிதையாத தொடர்ச்சி ஏறத்தாழ 1.2 லட்சத்தோடு சரி.

பனியே இல்லாமல் கிரீன்லாந்து இருந்ததுண்டா? (முலுண்ட்)

1966இல் வடமேற்கு கிரீன்லாந்திலிருந்த அமெரிக்க ராணுவ முகாமான கேம்ப் செஞ்சுரியில் சுமார் 1,390 மீட்டர் பனியைத் துளைத்து எடுத்த அடிமண், பல ஆண்டுகள் குளிர்பதனக் கிடங்கில் மறந்து கிடந்தது. அதில் குச்சிகளும் இலைத் துணுக்குகளும் இருந்தன. அந்த மண்ணில் கடைசியாக வெயில் பட்டது சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று 2023இல் கண்டறிந்தார்கள். அதாவது, அப்போது அந்த இடத்தில் பனி இல்லை. இதுவும் ஓர் இடத்தின் சாட்சிதான். ஆனால் கார்பன் டை ஆக்சைடு அப்போதும் 280 பங்கு அளவிலேயே இருந்தது.