பழைய வண்டிய விக்கலாமா வேணாமா, கேளுங்க சொல்றேன்

முப்பது வருஷமா ஃபியட், அம்பாசிடர்னு கிரீஸ் கையோட சுத்துறவன் நான். வேலை போகுது, விலைவாசி ஏறுது, வண்டிய வச்சுக்கவா வித்துடவான்னு ஆளாளுக்கு கேக்குறீங்க, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

தாம்பரத்துலேர்ந்து: அண்ணே, அப்பாவோட 1978 பிரீமியர் பத்மினி. போன மாசம் எனக்கு வேலை போச்சு, கையில நாலு மாச செலவுக்குதான் காசு. விக்க மனசு வரல.

பதில்: தம்பி, வண்டி ஓடுதா? ஓடுற வண்டிக்குத்தான் விலை, நின்ன வண்டிக்கு எடைதான். கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன் ஏதாச்சும் ஓடிட்டு இருந்தா இப்பவே வித்துடுங்க, நாலாவது மாசம் காசு தீர்ற நேரத்துல போய் நின்னீங்கன்னா வாங்க வர்றவன் உங்க மூஞ்சிய பாத்தே விலைய இறக்குவான். கடன் இல்ல, வீட்டுல இன்னொருத்தர் சம்பளம் வருதுன்னா ரெண்டு மாசம் கெடு வச்சு பாருங்க. ஆனா வீட்டுக்காரம்மா நகைய அடகு வச்சு மட்டும் வண்டிய காப்பாத்தாதீங்க, நகையும் போயி வண்டியும் போன வீடு எனக்கு தெரியும். அதுவரைக்கும் வாரம் ஒருவாட்டி பத்து கிலோமீட்டர் ஓட்டுங்க. போர்டிகோவுலயே அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைக்கிறது தப்பு, இன்ஜின் சரியா சூடேறாம சைலன்சருக்குள்ள தண்ணி கோத்து உள்ளேயே துருப்பிடிச்சிடும்.

கோயம்புத்தூர்லேர்ந்து: அம்பாசிடர் 1800 ஐசுசு இன்ஜின் வண்டி சார். ரெண்டு வருஷம் வச்சிருந்தா விலை ஏறுமா?

பதில்: 2014ல அம்பாசிடர் செஞ்ச உத்தர்பாரா ஃபேக்டரிய மூடினப்பவும் எல்லாரும் இதையேதான் சொன்னாங்க, இனிமே தங்கம் மாதிரின்னு. நல்லா வச்சிருக்க வண்டிக்கு ஆள் வருவாங்க, ஆனா ஷெட் வாடகை, பேட்டரி, டயர், பெயின்ட்னு ரெண்டு வருஷ செலவ எழுதி பாத்துட்டு அப்புறம் கேளுங்க. லாபத்துக்குன்னா வேணாம். ஓட்ட ஆசையா, வச்சுக்கோங்க.

திருச்சிலேர்ந்து ஒரு அம்மா: ஆர்சி இன்னும் அப்பா பேர்லயே இருக்கு, அவர் இறந்து மூணு வருஷம் ஆச்சு. வாங்க வந்தவர் வெள்ள பேப்பர்ல கையெழுத்து போட்டா போதும்ங்கிறார்.

பதில்: போடவே போடாதீங்கம்மா. வாரிசு சான்றிதழ் வாங்கி, ஃபார்ம் 31 குடுத்து முதல்ல உங்க பேருக்கு மாத்துங்க, அப்புறம் ஃபார்ம் 29, 30 போட்டு வாங்குறவர் பேருக்கு. ஆர்சில யார் பேரு இருக்கோ அவங்கதான் ஓனர்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, அவன் எங்கயாவது போய் இடிச்சா நஷ்டஈடு கேஸ் உங்க வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

சேலத்துலேர்ந்து: ஈ20, அதான் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு பயந்து வண்டிய விக்கலாம்னு இருக்கேன்.

பதில்: அதுக்கா விப்பாங்க? எத்தனால் தாங்குற ஹோஸ் மாத்துங்க, கார்புரேட்டர் கிட் மாத்துங்க, மாசக்கணக்கா டேங்க்ல பெட்ரோல ஊற விடாதீங்க, ஈரத்த இழுத்துக்கும். முடிஞ்சுது.

மதுரைலேர்ந்து: வண்டிக்கு அம்பது வயசு தாண்டிட்டா, விண்டேஜ் வண்டிக்குன்னு தர்ற விஏ நம்பர் வாங்கிட்டு விக்கிறது லாபமா?

பதில்: 2021ல வந்த ரூல் அது. புதுசா பதிய 20,000 ரூபா, பத்து வருஷம் செல்லும். ஆனா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் இப்படித்தான் ரோட்டுல எடுக்கலாம், தினமும் ஆபீஸ் போக முடியாது. வாங்குறவர் ஓட்டுறவரா, ஷெட்ல வச்சு அழகு பாக்குறவரான்னு தெரியாம நீங்களா போய் மாத்தாதீங்க.

வேலூர்லேர்ந்து: வித்த காசுக்கு வரி?

பதில்: சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த காருக்கு கேப்பிடல் கெயின்ஸ் கிடையாது. தொழில் கணக்குல தேய்மானம் காட்டியிருந்தா மட்டும் ஆடிட்டர பாருங்க.

மறுபடி தாம்பரம்: நீங்க எதையாச்சும் வித்துட்டு வருத்தப்பட்டிருக்கீங்களாண்ணே?

பதில்: 2020 லாக்டவுன்ல ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட குடுத்தேன், நம்ம பெருங்களத்தூர் பக்கம் செஞ்ச வண்டி, பானட்ட முன்னாடி சாச்சா மொத்த இன்ஜினும் தெரியும். அந்த காசுலதான் பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டினேன், அதனால வருத்தம்னு சொல்ல மாட்டேன். ஸ்டெப்னி மட்டும் இன்னும் என் மாடிலதான் கெடக்கு. வாங்குனவர் கேக்கல, நானும் ஞாபகப்படுத்தல.