வேட்பு மனு முதல் செலவுக் கணக்கு வரை: ஊராட்சித் தேர்தலில் நிற்பவர்களுக்குச் சில பதில்கள்

வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேர்தல் நடத்தும் அலுவலராக வேட்பு மனுக்களை வாங்கியிருக்கிறேன், தள்ளுபடியும் செய்திருக்கிறேன். தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தலில் நிற்க விரும்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தொகைகளெல்லாம் 2019 தேர்தலில் இருந்தவை. புதிய அறிவிக்கை வேறு தொகை சொன்னால் அதுவே செல்லும்.

மகளிர் குழுவில் எல்லோரும் என்னை வார்டு உறுப்பினராக நிற்கச் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். நிற்கலாமா? எவ்வளவு பணம் வேண்டும்? (நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி)

தாராளமாக நில்லுங்கள் அம்மா. படிப்புக்கு எந்த நிபந்தனையும் இல்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வைப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 100 ரூபாய். தலைவர் பதவிக்கு 600, அவர்களுக்கு 300.

பணத்தைவிட முன்மொழிபவர் விஷயத்தில் கவனமாக இருங்கள். வார்டு உறுப்பினருக்கு முன்மொழிகிறவர் அதே வார்டின் வாக்காளராக இருந்தாக வேண்டும். பரிசீலனை நாளில் ஒரு பெண்ணின் மனுவை நான் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அவருக்காகக் கையெழுத்திட்டவர் சொந்த அண்ணன். அதே தெருதான், ஆனால் தெருவின் எதிர்வரிசை. வார்டு எல்லை அந்தத் தெருவின் நடுவில் ஓடியது. அண்ணன் பெயர் அடுத்த வார்டுப் பட்டியலில் இருந்தது. பட்டியலை அவர் முன் விரித்து வரிசை எண்ணைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. ஆகவே பட்டியலை வாங்கி, உங்கள் பெயரையும் முன்மொழிபவரின் பெயரையும் பாகம் எண், வரிசை எண்ணோடு நீங்களே பாருங்கள். ‘எனக்குத் தெரியும்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மனுவோடு சொத்து, கடன், கல்வித் தகுதி, குற்ற வழக்கு விவரங்களை உறுதிமொழி ஆவணமாகத் தர வேண்டும். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

வீட்டு வரி பாக்கி இருக்கிறது. ஊராட்சியில் ஒரு சிமெண்ட் சாலை வேலையும் எடுத்திருக்கிறேன். சிக்கல் வருமா?

இரண்டாலும் வரும். முந்தைய ஆண்டு வரையிலான பாக்கியைக் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்தும் கட்டாதிருப்பது தகுதியிழப்பு. கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடப்பில் இருக்கும் ஒப்பந்தமும் தகுதியிழப்புதான். நாளை அந்த வேலைக்குப் பணம் கொடுக்கும் இடத்தில் நீங்களே உட்கார முடியாது அல்லவா?

இருபது ஆண்டுகளாகக் கட்சியில் இருக்கிறேன். தலைவர் பதவிக்கு நின்றால் கட்சிச் சின்னம் கிடைக்குமா?

கிடைக்காது. ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் ஆகிய இரண்டும் கட்சி அடிப்படையில்லாத பதவிகள். மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் உள்ள பூட்டு சாவி போன்ற சின்னம்தான் ஒதுக்குவார்கள். ஒன்றிய வார்டு, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகளுக்குத்தான் கட்சிச் சின்னம்.

தலைவர் தேர்தலுக்கு இருபது லட்சமாவது இல்லாமல் இறங்கக் கூடாது என்கிறார்கள். உண்மையா? (திருவண்ணாமலை மாவட்ட இளைஞர்)

தம்பி, சட்டம் உங்களுக்கு அனுமதிக்கும் மொத்தச் செலவே 34,000 ரூபாய்தான். வார்டு உறுப்பினருக்கு 9,000. ஒன்றிய வார்டுக்கு 85,000. மாவட்ட வார்டுக்கு 1,70,000. துண்டறிக்கை, ஆட்டோ வாடகை, ஒலிபெருக்கி, கூட வருகிறவர்களுக்குத் தேநீர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இருபது லட்சம் என்று உங்களிடம் சொன்னவர் ஓட்டுக்குக் கொடுக்கும் பணத்தையும் சேலையையும் சாராயத்தையும் சேர்த்துச் சொல்கிறார். அது லஞ்சக் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாங்குகிறவருக்கும் குற்றமே. இருபது லட்சம் போட்டவர் அதைக் குடிநீர்க் குழாயிலும் தெருவிளக்கிலும்தான் திரும்ப எடுப்பார். அப்படி எடுத்த ஊர்களின் தணிக்கைக் குறிப்புகளைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் நாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு மாலையும் தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று எழுதி, ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவரும் செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதினோரு வாக்கில் தோற்ற நல்ல மனிதர் ஒருவர் மனம் வெறுத்துக் கணக்கே கொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் தகுதி போயிற்று. இரண்டாம் ஆண்டிலேயே அந்த ஊருக்கு இடைத்தேர்தல் வந்தபோது அவரால் நிற்க முடியவில்லை. அவர் செலவழித்தது நான்காயிரத்துச் சொச்சம். ஒரு தாளில் முடிந்திருக்கும் வேலை.

கோயில் திருப்பணிக்கு அதிகம் தருகிறவரைப் போட்டியின்றித் தலைவராக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசுகிறார்கள். ஒற்றுமைக்குத்தானே, தவறா?

தவறு. நாமக்கட்டியைக் குழைத்துப் பூசினாலும் ஏலம் ஏலம்தான். விலகும் நாள் முடிந்த பின் ஒரே ஒரு செல்லும் மனு மிஞ்சினால் அவர் போட்டியின்றித் தேர்வாவது சட்டப்படி சரி. பணம் பேசி மற்றவர்களை மனுப் போடவிடாமல் செய்வது லஞ்சம். மிரட்டி, ஊர்க் கட்டுப்பாடு போட்டுச் செய்வது தனிக் குற்றம்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த ஊர்க்கூட்டத்தில் காலனியிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? பெண்கள் எத்தனை பேர்? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ‘ஊர் முடிவு’ என்ற பெயரிலேயே பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவர் அமர முடியவில்லை. 2006இல்தான் வழி பிறந்தது. மதுரை மாவட்டத்து மேலவளவில், அதேபோல் ஒதுக்கப்பட்ட பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997இல் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த வரலாறு தெரிந்த யாரும் ஊரின் ஒருமித்த குரல் என்பதை ஆராயாமல் ஏற்க மாட்டார்கள். ஏலம் நடந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

எங்கள் ஊர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. மனைவியை நிறுத்தி நான் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. சட்டப்படி உங்களுக்கு அந்த அலுவலகத்தில் இருக்கையே கிடையாது. காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். முறைகேடு நடந்தால் விளக்கம் கேட்டு வரும் கடிதத்தில் உங்கள் மனைவியின் பெயர்தான் இருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் தலைமை தாங்கிக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். முதலில் அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் வீட்டு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் நீங்கள் செய்யக்கூடிய தேர்தல் வேலை.

வாக்கு எண்ணிக்கையில் ஏமாற்றிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஊரகத் தேர்தல் வாக்குச்சீட்டில் நடக்கிறது. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்கு வெள்ளை அல்லது நீலம். முதலில் நிறம் பிரித்து அடுக்கிய பிறகே எண்ணுவார்கள். இரவு முழுதும் ஆகும். முகவராக உறவினரை விட, விழித்திருந்து எழுதக்கூடியவரை அனுப்புங்கள். முத்திரை இரண்டு சின்னங்களிலும் பட்ட சீட்டா, மடிக்கும்போது மை ஒற்றிய சீட்டா என்பதில்தான் தகராறு எழும். அழுத்தமான முத்திரை ஓரிடத்தில் இருந்து, அதன் நிழல் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் அது மை ஒற்றியது. அந்த வாக்கு செல்லும். அதை அலுவலரிடம் அங்கேயே காட்டுங்கள்.

மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் முடிவு அறிவிக்கும் முன் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். சம வாக்கு வந்தால் குலுக்கல். அறிவித்த பிறகு எங்களைப் போன்ற அலுவலர்களால் ஒன்றும் செய்ய முடியாது. 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். அந்த மனுவுக்கு உயிர் கொடுப்பது உங்கள் முகவர் அன்றிரவு மேசையருகே நின்று எழுதிய குறிப்புதான். அவருக்குப் பேனா இரண்டு கொடுத்தனுப்புங்கள்.