நாற்காலியில் கட்டிவைப்பது பாதுகாப்பா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. வகுப்பில் எழுந்து ஓடினால் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டுகிறார்கள். கத்தினால் ஸ்டோர் ரூமில் விட்டுப் பூட்டுகிறார்கள். கேட்டால், "அவன் பாதுகாப்புக்குத்தான்" என்கிறார்கள். பள்ளியைப் பகைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: இது பாதுகாப்பே இல்லை அம்மா. சாலைக்கு ஓடும் பிள்ளையைக் கையைப் பிடித்து நிறுத்தலாம். ஆபத்து நீங்கியதும் விட்டுவிட வேண்டும். உட்காரவில்லை என்று கட்டிப்போடுவது தண்டனை. நாற்காலியோடு கவிழலாம், மார்பு இறுகி மூச்சுத் திணறலாம். வலிக்கிறது என்று சொல்லவும் உங்கள் மகனால் முடியாது. (மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை சாயாமல் உட்கார பிசியோதெரபிஸ்ட் பரிந்துரைக்கும் பெல்ட் வேறு.) சத்தம் தாங்காத பிள்ளை ஒதுங்கிக்கொள்ள அமைதியான மூலை தேவைதான். ஆனால் நினைத்தபோது அவனே வெளியே வர முடிய வேண்டும்.

உடம்பில் தழும்பு இருந்தால் இன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள்: எந்தெந்த நாள், யார், எவ்வளவு நேரம் கட்டினார்கள், எதற்காக? சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்றும் சேருங்கள். கடிதம் பெற்றதற்குக் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.

அடுத்து, அவன் ஏன் ஓடுகிறான் என்று சிறப்பாசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். ஓடுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் குறித்தாலே பெரும்பாலும் காரணம் பிடிபடும். மணிச் சத்தமா, பசியா, திடீரென ஆசிரியர் மாறியதா? பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் எழுந்து ஓடும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு ஒரு படஅட்டை கொடுத்துக் காட்டப் பழக்கினால் ஓட்டம் குறையும். இந்த வேலையைச் செய்யாமல் துப்பட்டாவால் கட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75 குழந்தைக் கொடுமைக்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 7-இன்படி கோட்டாட்சியரிடம் நேரடியாகவே புகார் தரலாம்.

கடிதத்துக்குப் பிறகும் ஒருமுறை கட்டினால் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. காயம் இருந்தால் கடிதத்துக்குப் பதிலை எதிர்பாராமல் காவல் நிலையம் போங்கள். வேறு பள்ளி தேடுவதானாலும் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். அதே வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.